பின்பாரம்

வண்டியில் யாரும் ஏறவில்லை. ஆனாலும் வண்டி பின்பக்கம் சாய்ந்தது.

அதிகமில்லை, ஒரு விரற்கடை இருக்கும். காஸ்பர் உட்கார்ந்திருந்த முகப்புப் பலகை அவன் தொடைக்கடியில் லேசாக நிமிர்ந்தது. குதிரையின் இரண்டு விலாப்பக்கமும் நீண்டிருந்த ஏர்க்கால்கள் மேலே எழுந்தன. வயிற்றைச் சுற்றிக் கட்டிய தோல்வார் கிறிக் என்று இறுகியது. ஜட்கா வண்டி என்பது இரண்டே சக்கரத்தில் நிற்கிற தராசு. பின்னால் பாரம் கூடினால் ஏர்க்கால் தூக்கிக்கொண்டு வார் குதிரையின் வயிற்றை அறுக்கும். முன்னால் கூடினால் முதுகை அமுக்கும். ஆகையால் ஆள் ஏறியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டிக்காரன் வாயில் தானாக வருகிற வார்த்தை ஒன்று உண்டு. இருபது வருஷப் பழக்கம், காஸ்பருக்கும் வந்தது.

"கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க."

பின்னால் சாக்கு உரசியது. ஏர்க்கால் இறங்கியது. வார் தளர்ந்தது. பவளம் மூக்கைச் சிலுப்பிக்கொண்டு நடந்தது.

இருபது முப்பது அடி போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. திருவண்ணாமலை ரோடு கோட்டை மதிலை வெட்டிக்கொண்டு போகிற அந்த மேட்டில், சித்திரை மாசத்து உச்சி வெயிலில், ஒரு காக்கா குருவி கிடையாது. செஞ்சி பஜாரில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். அப்படியென்றால் யாரைத் தள்ளி உட்காரச் சொன்னான்?

திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. பின்பக்கத்துப் படுதா காற்றில்லாமல் தொங்கியது. வைக்கோல் மேல் விரித்த சாக்கில், நடுமத்தியில், ஒரு குழி. அங்கிருந்து ஒரு வாசனை வந்தது. காய்ந்த கருங்கல்லின் சூட்டு வாசனையையும், தோல்வாரில் ஊறின வேர்வை வாசனையையும் விலக்கிக்கொண்டு, உப்பும் இனிப்புமாக, வெதுவெதுப்பாக ஒரு ஈர வாசனை. காஸ்பருக்கு அது தெரியாமல் போகுமா? குதிரை குட்டி போடுவதற்கு முன்னால் முதலில் ஒரு நீர்க்குடம் உடையுமே, அந்த வாசனை.

ஆனால் பவளம் சினையில்லை.

*

மதிலுக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு வீடுள்ள கிறிஸ்தவத் தெருவில் காஸ்பருக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று ஞானஸ்நானத்தில் வைத்தது. இன்னொன்று குதிரைப் பைத்தியம். இரண்டு காணி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற கொல்லை சோறு போட்டது. வண்டி ஓட்டியது குதிரை வைத்துக்கொள்ள ஒரு சாக்கு, அவ்வளவுதான். திருவண்ணாமலை தீபத்துச் சந்தையில் பவளத்தைப் பார்த்த அன்றைக்கு, நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் செம்பு நிறத்து உடம்புமாக நின்ற அந்தக் குட்டியைப் பார்த்த அன்றைக்கு, அவன் ராத்திரி சோறு தின்னவில்லை. வாங்கி வந்த பிறகும் தின்னவில்லை, சந்தோஷத்தில்.

"எனக்குத் தலை வார்றதுக்கு ஒரு சீப்பு. அதுக்கு மூணு" என்றாள் அவன் பெண்டாட்டி ராயம்மாள். அவன் தேங்காய் நாரால் குதிரையின் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு வாலும் இருந்தா உனக்கும் ரெண்டாவது சீப்பு வாங்கியாந்து தரேன்."

"கேட்டியாடி உங்க நைனா பேச்ச?"

மகள் அமலோற்பவம், வீட்டில் அமலு, சிரித்தாள். தலைப்பிரசவத்துக்கு அனந்தபுரத்துப் புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வந்து பவளத்தின் மூக்கில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். பவளம் வந்த நாளிலிருந்தே அப்படித்தான். பவளமும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்.

"நைனா, ஆஸ்பத்திரிக்கு நான் பவளத்து வண்டியிலதான் போவேன். பஸ்ஸுல ஏறமாட்டேன். குலுக்கல் தாங்காது."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. வார் பட்ட இடத்தில், குதிரையின் வயிற்றுக்கடியில், விரல் கனத்துக்குச் சிவந்த தடிப்பு. வெறும் வண்டி இழுத்தால் தடிப்பு வராது.

"பாக்கலாம்மா" என்றான்.

*

அவனுக்குத் தெரியும் அது யாரென்று. பெண்டாட்டியிடம் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட, மற்றதையெல்லாம் சொல்லிவிட்டு, இதை மட்டும் தொண்டையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டான்.

போன வருஷம், இதே சித்திரை, இதே உச்சி. கல் உடைக்கிற தாண்டவராயன் ஓடி வந்தான். காலில் செருப்பில்லை.

"ண்ணா, வண்டி பூட்டுண்ணா. பூவாயிக்கு வலி எடுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரிக்கு நடத்திதான் கூட்டியாந்தேன். மதிலாண்ட புளியமரத்தடியில உக்காந்துட்டா. ஒரு அடி வெக்க முடியலன்றா."

பவளம் அப்போதுதான் கொள்ளு வாளியிலிருந்து வாயை எடுத்திருந்தது.

"இப்பதாம்பா கொள்ளு தின்னுது. தின்ன வயித்தோட பூட்டினா வயிறு முறுக்கிக்கும். குதிர பொழைக்காது. ஒரு மணி நேரம் பொறு."

"அங்க ரெண்டு உசுருண்ணா."

"இன்னா நான் வரமாட்டேன்னா சொல்றேன்? ஒரு மணி நேரத்துல டாண்ணு வந்துடுவேன். நீ போயி அதுகூட இரு."

தாண்டவராயன் அவனையும் பார்த்தான், குதிரையையும் பார்த்தான். திரும்பி, ரோட்டில் இறங்கி, டவுன் பக்கமாக ஓடினான், வேறு வண்டி தேடி.

காஸ்பர் சொன்ன சொல் தவறாதவன். சுவர் நிழல் நாலு விரல் நகர்ந்ததும் பூட்டினான். புளியமரத்துக்கு வந்தான். முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, காலை நீட்டி, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் பூவாயி. தூங்குகிறாள் போலிருக்கிறது, வலி விட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தான். வண்டியை ஒடித்துத் திருப்பி, பின்பக்கத்தை அவளுக்குக் காட்டி நிறுத்திக்கொண்டு, பலகையில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தான்.

"ஏறும்மா. ஏறி முன்னாடி தள்ளி உக்காரு."

வண்டி சாயவில்லை.

"ஏறும்மா, வெயிலு."

சாயவில்லை.

"இன்னாம்மா, ஏறச் சொல்றேன், உக்காந்துகினு கீறியே?"

அப்புறம்தான் திரும்பினான். முந்தானை ஓரத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவள் மடியும், மடிக்குக் கீழே இருந்த மண்ணும், நனைந்து கறுத்திருந்தன.

பிணம் ஏறின வண்டியில் அப்புறம் எவன் ஏறுவான்? அவன் மனசில் முதலில் வந்தது அதுதான். அதை நினைத்துத்தான் பிறகு எத்தனையோ நாள் தூக்கம் வராமல் கிடந்தான். லகானைச் சுண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். புருஷன்காரன் வருகிற வரைக்கும் ஒரு துணைக்கு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தாண்டவராயனும் வந்து சண்டை போடவில்லை. அந்த மாசமே குடிசையைப் பிரித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான்.

ஆனால் ஏறச் சொன்னது காஸ்பர்தான். மூன்று தடவை சொன்னான்.

*

அடுத்த வாரம் அஜிததாஸ் நயினாரை மேல்சித்தாமூர் சமண மடத்துக்கு ஏற்றிப்போனான். நயினாருக்குச் செஞ்சி பஜாரில் நெல் மண்டி. இரண்டு மூட்டை கனம் இருப்பார். நகரவும் மாட்டார், பின்பக்கம்தான் காற்று வருகிறது என்று அங்கேயே சாய்ந்துகொள்வார். எப்போது போனாலும் வழி நெடுக இரண்டு பேருக்கும் அதே வாய்ச்சண்டை, "முன்னாடி வாங்கய்யா", "வரமாட்டேன் போ".

அன்றைக்குக் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பினார்கள். பவளம் தலையை ஆட்டிக்கொண்டு சீராக ஓடியது. பாதி வழியில் நயினார் சிரித்தார்.

"காஸ்பரு, நான் இளைச்சுட்டேனா?"

"ஏங்கய்யா?"

"இன்னைக்கு முன்னாடி தள்ளுங்கன்னு ஒரு வாட்டிகூட விரட்டலியே நீ."

காஸ்பர் குனிந்து ஏர்க்காலைப் பார்த்தான். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. இரண்டு மூட்டை கனம் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது ஏர்க்கால் அப்படி நேராக நிற்க வழியில்லை. முன்னால் அதற்கு ஈடாக ஒரு பாரம் இருந்தால்தான் உண்டு.

முன்னால் என்றால், அவன் முதுகுக்குப் பின்னால்.

கழுத்துப் பிடரியில் சின்னதாக ஒரு காற்று பட்டது. விட்டது. பட்டது. ஓடிக் களைத்த ஆள் வாயால் மூச்சு வாங்குகிற மாதிரி. வெயில் காற்று இல்லை அது, குளிர்ந்திருந்தது.

"வண்டிய சுத்தமா வெச்சிருக்கான்னு உனக்கு ஒரு பேரு இருக்குது" என்றார் நயினார், பின்னாலிருந்து. "முன்பக்கத்து சாக்கெல்லாம் இன்னா இவ்ளோ ஈரம்? பாரு, சொட்டுது."

காஸ்பர் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே வைக்கோலையும் சாக்கையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினான். கோவிலிலிருந்து தீர்த்தம் வாங்கி வந்து சக்கரத்துக்கும் பலகைக்கும் தெளித்தான். அந்தோணியார் படத்தை உள்பக்கம் ஆணி அடித்து மாட்டினான். வண்டியை மாட்டுக்கொட்டகைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, சக்கரங்களைக் கோத்த இருசு முறிந்துவிட்டது என்றான்.

"இருசு முறிஞ்ச வண்டி எப்பிடிய்யா நெட்டுக்கு நிக்குது?" என்றாள் ராயம்மாள்.

"நிக்குது. நீ பாத்தியா?"

"பாத்துட்டுத்தான் கேக்கறேன். முட்டுக்கட்டைகூட குடுக்கல. ரெண்டு சக்கரத்துல தானா நிக்குது."

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் கல்லாக இருந்தான். அமலு அந்த வண்டியில் ஏறக்கூடாது. டாக்டரம்மா சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முந்தியே பஸ்ஸில் கூட்டிப்போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மச்சான் பால்சாமி வீட்டில் விட்டுவிடுவது. அமலு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும். எந்தப் பஸ், எந்த சீட்டு என்பதுவரை பேசி முடித்தாயிற்று. திங்கட்கிழமை போவது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ராயம்மாள் சம்பந்தி வீட்டுக்குத் தாக்கல் சொல்ல அனந்தபுரம் போனாள்.

சனிக்கிழமை உச்சியில் அமலு கூப்பிட்டாள்.

*

"நைனா."

குரல் கொல்லையிலிருந்து வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் மண் நனைந்திருந்தது. அந்த வாசனை. நல்ல பகலில், அவன் சொந்த வீட்டில், அவன் பெண்ணிடமிருந்து.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் ஓடி வந்து அவளைத் தாங்கினாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறினாள்.

"ண்ணா, புள்ள குறுக்கால கீது. இங்க வெச்சிகினு நம்மால ஆவாது. ஆஸ்பத்திரிக்குத்தான்."

"பஸ்ஸு?"

"மூணு மணிக்குத்தான் பஸ்ஸு. அதுவரைக்கும் தாங்குமா?"

மாட்டுவண்டி எல்லாம் மல்லாட்டை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போயிருந்தது. தெருவில் ஆம்பளை என்று ஒருத்தன் இல்லை. பாக்கியம் கொட்டகையைக் கை காட்டினாள்.

"பூட்டுண்ணா. இருசு கிருசுன்னு என்னாண்ட கத சொல்லாத."

பவளம் கொள்ளு வாளியில் வாயை வைத்திருந்தது. பாதி தின்றிருந்தது. காஸ்பர் நின்றான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், குதிரையையும் பார்த்தான், வாளியையும் பார்த்தான்.

"பூட்டுண்ணா!"

வாளியைப் பிடுங்கி எறிந்தான்.

வேறொரு சாக்கை விரித்து, இரண்டு பேருமாகத் தூக்கி அமலுவை ஏற்றினார்கள். கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்திருந்த பாக்கியம், அதை யாரிடமாவது கொடுத்துவிட்டுத் துணிமணியோடு பின்னாலேயே ஓடி வருகிறேன் என்றாள். காஸ்பர் பலகையில் ஏறினான். கீழே பார்த்தான். அமலு மட்டும் உட்கார்ந்தால் எவ்வளவு எழுமோ அவ்வளவுதான் ஏர்க்கால் எழுந்திருந்தது. அவள் கனம் மட்டும்தான். வேறில்லை. மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அமலு."

"ம்."

"பேசிக்கினே வா கண்ணு."

"இன்னா பேசறது நைனா, வலிக்குது."

"எதனா பேசு. பவளத்தப் பத்திப் பேசு."

"அது... அது நல்லா ஓடுது நைனா."

நல்லாத்தான் ஓடியது. லாடம் தார்ரோட்டில் டக்டக்கென்று விழுந்தது. இரண்டு பக்கமும் பாறை மேல் பாறையாகக் குவிந்த மலைகள் வெள்ளை வெயிலில் அசையாமல் நின்றன. மேலே வானத்தில் நிறமே இல்லை. வண்டியின் நிழல் வண்டிக்கடியிலேயே சுருண்டு கிடந்தது. சில்வண்டுகள் ஒரே குரலாகக் கத்திக்கொண்டிருந்தன. மதில் தெரிந்தது. மதிலுக்கு முன்னால் மேடு. மேட்டின் தலையில் புளியமரம்.

அவன் தீர்மானம் பண்ணிக்கொண்டான். என்ன ஆனாலும் வாயைத் திறப்பதில்லை. அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

சில்வண்டுச் சத்தம் நின்றது.

எல்லாம் ஒரே நேரத்தில். கத்தியால் வெட்டின மாதிரி.

வண்டி பின்னால் சாய்ந்தது.

ஒரு விரற்கடை இல்லை. ஒரு முழம். ஏர்க்கால் இரண்டும் பவளத்தின் தோளுக்கு மேலே போயின. வார் வயிற்றில் வெட்டியது. கொள்ளு தின்ன வயிறு. பவளம் கனைக்கப் பார்த்தது, சத்தம் வரவில்லை. முன்னங்கால் இரண்டும் தார் ரோட்டில் தேய்ந்தன. மேடு. சக்கரம் பின்னால் உருண்டது. ஒரு சுற்று. இன்னொரு அரைச் சுற்று.

"நைனா! கவுருது நைனா!"

கவிழும். குதிரையையும் தூக்கிக்கொண்டு வண்டி மல்லாந்துவிடும். அமலு அடியில்.

"நைனா!"

சொல்லக்கூடாது.

"நைனா, புடிச்சிக்க ஒண்ணும் இல்ல நைனா!"

"முன்னாடி வா!" என்று கத்தினான். "முன்னாடி வாடி கண்ணு! முன்னாடி தள்ளி வா!"

சாக்கு உரசியது.

ஏர்க்கால் இறங்கியது. வார் தளர்ந்தது. பவளம் ஒரு மூச்சு இழுத்தது. காலை ஊன்றி, மேட்டில் ஏறியது.

புளியமரம் போயிற்று. மதில் போயிற்று. இறக்கம்.

"வந்துட்டியா கண்ணு? முன்னாடி வந்துட்டியா?"

சக்கரம் தடதடத்தது.

"அமலு?"

"நான் அசையலியே நைனா" என்றாள் அமலு.

குரல் பழைய இடத்திலிருந்துதான் வந்தது. பின்பக்கத்திலிருந்து.

அவன் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. லகானைப் பார்த்தான். பவளத்தின் இரண்டு காதுகளைப் பார்த்தான். இரண்டும் பின்பக்கம் மடிந்திருந்தன.

"நைனா."

"ம்."

"இந்தம்மா யாரு?"

லாடச் சத்தம். சக்கரச் சத்தம்.

"என் வயித்து மேல கைய வெச்சிகினு கீறாங்க. கை ஜில்லுன்னு இருக்குது."

"தட்டிவிடு. தட்டிவிடும்மா."

"வேணாம் நைனா. நல்லா இருக்குது." சின்னப் பெண்ணாக இருந்தபோது தூக்கத்தில் பேசுவாளே, அந்தக் குரல். "வலி போயிடுச்சு."

சாட்டையை எடுத்தான். பவளத்தின் மேல் இதுவரை விழாத சாட்டை. விழுந்தது. மறுபடி விழுந்தது.

பஜார் வந்தது. ஆட்கள் ஒதுங்கினார்கள். யாரோ திட்டினார்கள். டீக்கடை. பஸ் ஸ்டாண்டு. ஆஸ்பத்திரி கேட்டு. குதித்தான். பின்பக்கம் ஓடினான். கண்ணை மூடிக்கொண்டு படுதாவைத் தள்ளி, உள்ளே கையை நீட்டி, அமலுவை வாரி எடுத்தான்.

கனமில்லை.

ஆளை ஏற்றி ஏற்றியே கனம் அளந்தவன் அவன். ஒரு படி கூடினாலும் தொடைக்குத் தெரியும். மகள் ஏறும்போது எவ்வளவு இருந்தாள் என்று தெரியும். இது அவள் இல்லை. இது அவளில் முக்கால்வாசி.

கண்ணைத் திறந்தான். அமலுதான். உயிரோடுதான் இருந்தாள். வேர்வைகூட இல்லை. அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். புடவை காய்ந்திருந்தது. சலவை மடிப்பு மாதிரி அவள் வயிற்றின் மேல் அது தட்டையாகப் படிந்து கிடந்தது.

வண்டியின் பின்பக்கம் எம்பவில்லை. ஆள் இறங்கினால் ஏர்க்கால் இறங்க வேண்டும். இறங்கவில்லை. இன்னும் பின்பாரத்தோடு, வாரை இழுத்துக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரிப் படியிலிருந்து ஒரு தாதியம்மா "யாருக்கு, இன்னா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தாள். பாதிப் படியில் அவளும் நின்றுவிட்டாள். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

படுதாவுக்கு உள்ளே ஒரு குழந்தை அழுதது. புதுக் குழந்தை. முதல் அழுகை. மூச்சு திணறி, நின்று, மறுபடி வீறிட்டு.

"பவளம்" என்றான் காஸ்பர்.

லகான் தரையில் கிடந்தது. பலகையில் ஆளில்லை. பவளம் அவன் பக்கம் திரும்பவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்ட மாதிரி ஒரு காதை மட்டும் அசைத்தது. வண்டியை மெல்ல வளைத்துத் திருப்பியது. ஆறு வருஷம் அவன் கையால் தின்ற குதிரை, அவனைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, கோட்டைப் பக்கத்து ரோட்டில் இறங்கி, குலுக்காமல், குழந்தை இருக்கிற வண்டியை இழுக்கிற பதனத்தோடு நடந்தது. வெள்ளை வெயிலில் படுதா ஆடியது. அழுகை தேய்ந்துகொண்டே போயிற்று.

அவன் ஓடவில்லை. கையில் அமலு இருந்தாள். சட்டை மார்பில் ஏதோ வெதுவெதுப்பாக நனைவது மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தான். அவள் ரவிக்கையிலிருந்து ஊறி, அவன் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது பால்.

"நைனா" என்றாள் அமலு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "யார் வூட்டுக் கொழந்த நைனா அது, இப்பிடி அழுவுது?"